மின்மானியும் வீட்டின் அந்தரங்கமும்

(பி.எஸ்ஸி. இயற்பியல், இரண்டாம் ஆண்டு மாணவி, உச்சிப்புளி)

மின்சாரம் வரும் வீட்டுக்கு மின்மானியும் உடன் வந்தே தீரும். சரியான மீட்டர் இன்றி மின்சாரம் வழங்கலாகாது என்று 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 55ஆம் பிரிவு கூறுகிறது. அளந்து கொடுத்து, அளந்ததற்குக் காசு வாங்குவது நியாயமே. ஆனால் எதை அளக்க வேண்டும், எத்தனை முறை அளக்க வேண்டும், அளந்த கணக்கு யார் கையில் இருக்க வேண்டும் என்ற கேள்விகள் இப்போதுதான் எழுகின்றன. நாடெங்கும் வந்துகொண்டிருக்கும் ‘ஸ்மார்ட் மீட்டர்’ என்னும் கருவியே இதற்குக் காரணம். அதனைப் பற்றி நம் மாணவ நண்பர்களுடன் சில எண்ணங்களைப் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் பழைய மீட்டரைப் பார்ப்போம். அதனுள்ளே ஓர் அலுமினியத் தட்டு சுழல்வதை நம்மில் பலர் சிறுவயதில் வேடிக்கை பார்த்திருப்போம். வீட்டில் செலவாகும் திறனுக்கு நேர்விகிதத்தில் தட்டின் வேகம் அமையும். சுற்றுகளைப் பற்சக்கரங்கள் எண்ணி யூனிட்டாகக் காட்டும். ஒரு யூனிட் என்பது 1000 வாட் திறன் ஒரு மணி நேரம் செலவாவது. அதாவது 36 லட்சம் ஜூல். பின்னர் வந்த மின்னணு மீட்டரில் தட்டு இல்லை, ஆனால் செய்யும் வேலை அதேதான்.

கணித வகுப்பில் படித்த தொகையீடு இங்கே நமக்கு உதவுகிறது. திறனை நேரத்தின்படி தொகையீடு செய்து, இரண்டு மாதத்துக்கு ஒரே ஓர் எண்ணாகத் தருகிறது மீட்டர். அந்த ஓர் எண்ணிலிருந்து திறன் எந்த நாளில், எந்த மணியில், எவ்வாறு ஏறி இறங்கியது என்பதை எந்த மேதையாலும் மீட்டெடுக்க முடியாது. 210 யூனிட் என்றால் 210 யூனிட், அவ்வளவே. நம் அந்தரங்கத்தைக் காக்க வேண்டும் என்று அதைச் செய்தவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள். எனினும் அந்தத் தொகையீடே ஒரு திரையாக நின்று வீட்டைக் காத்து வந்தது.

ஸ்மார்ட் மீட்டர் இந்தத் திரையை விலக்குகிறது. அரைமணிக்கு ஒரு முறை அல்லது கால்மணிக்கு ஒரு முறை செலவைக் குறித்து வைத்து, கைப்பேசி அலைவரிசை போன்ற வழியில் மின்வாரியத்தின் கணிப்பொறிக்கு அது அனுப்புகிறது. அரைமணிக்கு ஒன்று எனில் நாளொன்றுக்கு 48 எண்கள். இரண்டு மாதத்தில் 2880 எண்கள். ஒன்று இருந்த இடத்தில் 2880! கால்மணிக்கு ஒன்று எனில் 5760. அதோடு, அங்கிருந்தபடியே ஓர் ஆணையின் மூலம் நம் வீட்டு இணைப்பைத் துண்டிக்கவும் அதனால் இயலும்.

இந்த எண்களால் என்ன தெரிந்துவிடப் போகிறது என்று கேட்கலாம். நானும் ஓர் எளிய சோதனை செய்து பார்த்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை 5 மணி முதல் இரவு 9 மணி வரை அரைமணிக்கு ஒரு தடவை எங்கள் வீட்டு மீட்டர் காட்டிய எண்ணை நோட்டில் எழுதினேன். தசமப் புள்ளிக்குப் பின் ஓரிலக்கம்தான் அது காட்டும். எங்கள் ஊருக்கே வந்திராத வகுப்புத் தோழி ஒருத்தியிடம் அந்தத் தாளைக் கொடுத்தேன். “ஆறு மணிக்குத் தண்ணி மோட்டார் போட்டிருக்கீங்க. பத்திலிருந்து பன்னிரண்டரை வரைக்கும் வீட்டில யாருமில்ல. மூணு மணிக்குக் கரண்டு போயிருக்கு. சாயங்காலம் யாரோ துணி தேச்சிருக்காங்க” என்றாள். நாலும் சரி. ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட். அந்த மோட்டார் அரைமணி ஓடினால் 0.37 யூனிட்டுக்குக் குறையாமல் ஏறும். 1000 வாட் தேய்ப்புப் பெட்டியும் இப்படியே தன் பெயரைத் தானே சொல்லிவிடும். இதற்குக் கணிப்பொறி கூட வேண்டியிருக்கவில்லை.

கணிப்பொறியும் சேர்ந்துவிட்டால்? அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஜார்ஜ் ஹார்ட் என்பவர், வீட்டுக்குள் கால் வைக்காமலே, வெளியிலுள்ள அளவைக் கொண்டு எந்தக் கருவி எப்போது இயங்கியது என்று பிரித்தறியும் முறையை 1980களில் உருவாக்கினார். இது கண்காணிப்புக்கும் பயன்படக்கூடும் என்று 1989இலேயே ஒரு கட்டுரையில் எச்சரித்தவரும் அவர்தான். கத்தியைச் செய்தவரே அதன் கூர்மையைச் சொன்னது பாராட்டத்தக்கது. 2011இல் ஜெர்மனியின் மூன்ஸ்டர் நகர ஆய்வாளர்கள் இன்னொரு படி சென்றனர். இரண்டு வினாடிக்கு ஒரு முறை அளவெடுக்கும் மீட்டரைக் கொண்டு, தொலைக்காட்சியில் ஓடிய திரைப்படம் எது என்பதையே சாதகமான சூழலில் கண்டுபிடிக்கலாம் எனக் காட்டினர். நம் நாட்டு மீட்டர்கள் அனுப்பும் அரைமணிக் கணக்கில் இது முடியாது. ஆனால் படத்தின் பெயரை விட முக்கியமான விஷயங்கள் அரைமணிக் கணக்கிலேயே இருக்கின்றன என்பது என் கருத்து.

நம் கடற்கரையையே எடுத்துக்கொள்வோம். உச்சிப்புளி, இருமேனி, புதுமடம் என்று எங்கு பார்த்தாலும் குடும்பத் தலைவர் வளைகுடா நாட்டிலோ கடலிலோ இருக்க, பெண்கள் தனித்திருக்கும் வீடுகள் பல. எந்த வீட்டில் ஆள் இருக்கிறார்கள், எது பூட்டிக் கிடக்கிறது என்பதை அந்த 48 எண்கள் சொல்லிவிடும். ரமலான் மாதத்தில் அதிகாலை நான்கு மணிக்கு எந்தெந்த வீட்டில் சஹர் உணவுக்கு விளக்கு எரிகிறது, மார்கழியில் எந்த வீட்டில் விடியுமுன் எழுகிறார்கள் என்பதும் தெரியும். ஒரு பொத்தானை அழுத்தினால் ஓர் ஊரையே மதவாரியாகப் பிரித்து அடுக்கிவிடலாம். இன்று யாரும் அப்படிச் செய்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. செய்யத் தேவையான பொருள் அங்கே குவிந்து கிடக்கும் என்றுதான் சொல்கிறேன். எங்கள் ஊரிலுள்ள கடற்படையின் பருந்து விமானத் தளம் கடலைக் கண்காணிக்கிறது. அதன் எல்லையும் நோக்கமும் யாவரும் அறிந்ததே. வீட்டுச் சுவரில் தொங்கும் பெட்டிக்கு அத்தகைய எல்லை எழுதப்பட்டுள்ளதா என்பதே கேள்வி.

‘மீட்டர் கணக்கெடுக்க வருபவருக்கும் இதெல்லாம் தெரியுமே’ என்று ஒரு நண்பர் வாதிட்டார். உண்மைதான். அவர் திண்ணை வரை வருகிறார், தண்ணீர் வாங்கிக் குடிக்கிறார், வீடு பூட்டியிருந்தால் குறித்துக்கொண்டு போகிறார். ஆனால் அவர் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, பகலில், எல்லோரும் பார்க்க வருகிறார். போன தடவை பார்த்ததை இந்தத் தடவை மறந்திருப்பார். மின்சாரச் சட்டத்தின் 163ஆம் பிரிவும், உரிமதாரரின் ஆள் வீட்டுக்குள் வருவதானால் தகுந்த நேரத்தில், குடியிருப்பவருக்குத் தெரிவித்துவிட்டே வரவேண்டும் என்கிறது. நாளுக்கு 48 முறை வந்து போகும் கருவி யாரிடமும் தெரிவிப்பதில்லை.

2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள், அந்தரங்கம் அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று ஒருமித்துத் தீர்ப்பளித்தனர். அரசு அதில் தலையிட வேண்டுமாயின் சட்டம் இருக்க வேண்டும், நியாயமான நோக்கம் இருக்க வேண்டும், நோக்கத்துக்கு மிஞ்சாத அளவில் தலையீடு இருக்க வேண்டும். மூன்றாவது நிபந்தனைதான் நம் பொருளுக்கு மிகவும் வேண்டியது. 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் நிறைவேறியது. ஆயினும் அதன் 17ஆம் பிரிவு, நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு முதலிய காரணங்களுக்காக அரசு அமைப்புகளுக்கு விலக்களிக்க மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. மானியம், சலுகை வழங்குவதற்காகச் சில நிபந்தனைகளுடன் ஒப்புதலின்றியே தரவைப் பயன்படுத்தவும் அச்சட்டம் இடமளிக்கிறது. நம் மாநிலத்தில் வீடுகளுக்கு இலவச யூனிட் உண்டு என்பதை இத்துடன் சேர்த்துப் படிக்க வேண்டும்.

2022 நவம்பரில் தொடங்கி 2023 பிப்ரவரி வரை, தமிழ்நாட்டில் சுமார் 2.67 கோடி மின் இணைப்புகளுடன் ஆதார் எண் இணைக்கப்பட்டது நினைவிருக்கலாம். அப்போது பள்ளி மாணவியாக இருந்த நான் எங்கள் தெருவில் பலருக்குக் கைப்பேசியில் அதைச் செய்து கொடுத்தேன். எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: “இலவச யூனிட் நின்னுருமா?” வேறு எதையும் கேட்கும் நிலையில் அவர்கள் இல்லை. இணைப்பு எண் அருகில் ஆதார் எண் ஏற்கெனவே இருக்கிறது. இனி 2880 எண்களும் அதன் அருகில் வந்து அமரும் எனில், அது கட்டணக் கணக்கு மட்டும்தானா?

பிற நாடுகளின் அனுபவம் நமக்கு வழிகாட்டும். நெதர்லாந்தில் ஸ்மார்ட் மீட்டரைக் கட்டாயமாக்கும் மசோதாவை அந்தரங்கக் காரணத்தைக் கூறி அந்நாட்டு மேலவை 2009இல் ஏற்க மறுத்தது. பின்னர் மறுக்கும் உரிமையைச் சேர்த்தே 2011இல் சட்டமாயிற்று. அமெரிக்காவின் நேப்பர்வில் நகர வழக்கில், கால்மணிக்கொரு முறை கணக்கெடுப்பது அரசியல் சட்டப்படி ஒரு ‘சோதனை’யே என்று 2018இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறிற்று. நகரின் நோக்கம் வழக்குத் தொடர்வதன்று என்பதால் அனுமதித்தது. காவல்துறைக்கு அது எளிதில் கிடைக்குமாயின் முடிவு மாறக்கூடும் என்றும் சொல்லி வைத்தது. கலிபோர்னியாவின் சாக்ரமென்டோவில் அதுவே நடந்தது. கஞ்சா வளர்ப்போரைப் பிடிப்பதற்காக, அதிக மின்சாரம் செலவழிக்கும் வீடுகளின் பட்டியலை மின்நிறுவனம் ஆண்டுக்கணக்கில் காவல்துறைக்குக் கொடுத்து வந்தது. 2022இல் தொடுக்கப்பட்ட வழக்கில், இது சட்டவிரோதம் என 2025இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நம் நாட்டிலும் ஒரு பாடம் உண்டு. 2020 ஆகஸ்ட் 12, கிருஷ்ண ஜெயந்தி அன்று, உத்தரப் பிரதேசத்தில் ஸ்மார்ட் மீட்டர் பொருத்திய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் தவறான ஓர் ஆணையால் ஒரே நேரத்தில் இருண்டன. கட்டணம் கட்டியவர்களும் அதில் அடக்கம்.

இத்தனையும் கூறியதால் நான் விஞ்ஞான வளர்ச்சிக்கு எதிரி என எண்ண வேண்டாம். புயல் நாளில் எந்தத் தெருவில் மின்சாரம் இல்லை என்பதைத் தொலைபேசியில் சொல்லாமலே வாரியம் அறிவது நல்லதுதான். மின் இழப்பைக் குறைப்பதும் வேண்டியதே. சென்னை தியாகராய நகரில் சோதனையாக ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மீட்டர்கள் பொருத்தப்பட்டன; மீட்டர்களுக்கான ஒப்பந்தப்புள்ளி ஒன்று, கேட்ட விலை அதிகம் என்பதால் 2024 டிசம்பரில் ரத்தாயிற்று. அன்றைய விவாதமெல்லாம் விலையைப் பற்றியே இருந்தது. அந்தரங்கத்தைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசியதாகத் தெரியவில்லை.

இயற்பியல் மாணவி என்ற முறையில் எனக்குத் தோன்றுவது இது. கட்டணத்துக்கு வேண்டியது மொத்தத் தொகை மட்டுமே. நேரத்துக்கு ஏற்பக் கட்டணம் மாறினாலும், அந்தந்த நேரப் பகுதிக்கு ஒரு கூட்டுத்தொகை வீதம் மீட்டரே உள்ளுக்குள் கூட்டி வைத்து மாதக் கடைசியில் அனுப்பலாம். திருட்டைக் கண்டுபிடிக்க, தெருவின் மின்மாற்றியில் ஒரு மீட்டர் வைத்து, வீடுகளின் மொத்தத்தை அதிலிருந்து கழித்தால் போதும். அரைமணிக் கணக்கை வீட்டுக்காரர் பார்க்க வேண்டுமெனில் அது அவர் கைப்பேசிக்கே வரட்டும். எத்தனை நிமிடத்துக்கு ஒரு முறை எடுக்கிறார்கள், எத்தனை ஆண்டு வைத்திருக்கிறார்கள், எந்தத் தனியார் நிறுவனத்தின் கையில் இருக்கிறது, காவல்துறை கேட்டால் நீதிமன்ற ஆணையின்றிக் கொடுப்பார்களா என்ற நான்கு கேள்விகளையும், 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பத்து ரூபாய்க் கட்டணத்தில் எந்த மாணவரும் மின் பகிர்மானக் கழகத்துக்கு எழுதிக் கேட்கலாம். மீட்டர் நம் தெருவுக்கு வருமுன் கேட்பது நல்லது.