ஆளுக்கு ஒரு குடம்

ஓசூர், பெங்களூர் கம்பெனிகளில் வேலை பார்க்கும் பிள்ளைகள் இப்போது சனி, ஞாயிறு வந்தால் கேரவனை வாடகைக்கு எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். கையில் காசு இருக்கிற சிலர் பழைய டெம்போ டிராவலரை வாங்கி, உள்ளே கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் வைத்துக் கட்டுகிறார்கள். கெலமங்கலத்தில் என்னிடம் யோசனை கேட்க வருகிறவர்கள் ஏசி, பேட்டரி, சோலார் பலகை என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார்கள். எழுந்து போகும்போது, "ஐயா, தண்ணி டேங்க் எவ்வளவு வைக்கலாம்?" என்பார்கள். முதலில் கேட்க வேண்டியது அது. நான் சபரிமலைக்கும் பழனிக்கும் சமையல் ஆட்களோடு டூரிஸ்ட் பஸ் ஓட்டியவன். கடைசி வரிசை சீட்டைக் கழற்றிவிட்டு நீல டிரம்மைக் கயிற்றால் கட்டி, வழியில் பொங்கிச் சாப்பிட்டுக்கொண்டு போன காலம் அது. ஏசி கிடையாது, மெத்தை கிடையாது. தண்ணீர்க் கணக்கு மட்டும் சுத்தமாக இருக்கும்.

1. டேங்கின் அளவிலிருந்து தொடங்காதீர்கள். தலையை எண்ணுங்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு குடம். பெரிய பிளாஸ்டிக் குடம் சுமார் 15 லிட்டர் பிடிக்கும். இது எங்கள் சமையல்காரர்கள் போட்ட கணக்கு. வெள்ளத்திலும் போரிலும் வீட்டை இழந்து முகாமுக்கு வந்தவர்களுக்கு உதவும் அமைப்புகள் 'ஸ்பியர்' என்றொரு அளவுகோல் வைத்திருக்கின்றன. அதிலும் ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் என்றுதான் இருக்கிறது. வீட்டுக் கணக்கே வேறு. கிராமத்தில் ஜல் ஜீவன் திட்டம் ஆளுக்கு 55 லிட்டர் என்று வைத்திருக்கிறது. நகரத்துக்கு 135 லிட்டர் என்று திட்டம் போடுகிறார்கள். வீட்டுப் பழக்கத்தோடு வண்டியில் ஏறினால் நாலு பேருக்கு ஒரே நாளில் 540 லிட்டர் வேண்டும். அதைச் சுமக்க இன்னொரு வண்டி பின்னால் வர வேண்டும்.

2. அந்தக் குடம் எங்கே போகிறது என்று பிரித்துப் பாருங்கள். வெயிலில் குடிக்க 4 லிட்டர். சமைக்க 2. பாத்திரம் கழுவ 3. பல் விளக்க, முகம் கை கழுவ 3. கக்கூஸுக்கு 3. மொத்தம் 15. அரிசி கழுவிய தண்ணீரைக் கொட்டாமல் வைத்திருந்து எண்ணெய்ப் பாத்திரத்தை அதில் முதலில் அலசினால் பாத்திரக் கணக்கில் கொஞ்சம் மிச்சமாகும். இந்தப் பட்டியலில் குளியல் இல்லை, கவனித்தீர்களா? வேண்டுமென்றேதான் விட்டேன்.

3. குளியலை வண்டிக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள். அரை வாளியில் சிக்கனமாகக் குளித்தாலும் ஆளுக்கு 8 லிட்டர். ஷவர் என்றால் நின்றவுடன் வாளிக்கணக்கில் ஓடிவிடும். நாலு பேர் குளியல் ஒன்றுக்காக 32 லிட்டர் சுமப்பது வீண். தோட்டத்துக்காரரிடம் முறையாகக் கேட்டால் பம்புசெட்டில் குளிக்க விடுவார். ராயக்கோட்டை, தேன்கனிக்கோட்டைப் பக்கம் அப்படி மனசுள்ளவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சொட்டுநீர் போட்டிருக்கும் தோட்டத்தில் மட்டும் கேட்காதீர்கள். அங்கே தக்காளிக்கே தண்ணீர் அளந்துதான் விடுகிறார்கள். கோயில் ஊர்களில் காசு வாங்கும் குளியலறைகள் உண்டு. அதுவும் இல்லையென்றால் துண்டை நனைத்துத் துடைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் குளிக்காவிட்டால் எதுவும் ஆகிவிடாது.

4. நம் ஊர்க் குளிரை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். ஓசூர்ப் பக்கம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரம். சேலம் 300 மீட்டருக்கும் கீழே. இங்கே மார்கழியில் நாள் முழுக்க ஒரு பாட்டில் தண்ணீரோடு இருந்துவிடுகிற ஆள், சித்திரையில் தொப்பூர் இறங்கியதும் அதைப்போல இரண்டு மூன்று பங்கு குடிப்பார். மேலே நான் சொன்ன 4 லிட்டர் வெயில் நாளைக்கு. குளிர்காலத்தில் 3 போதும். குழந்தைகளும் வயதானவர்களும் தாகம் என்று சொல்லக் காத்திருக்காதீர்கள், நேரம் பார்த்துக் கொடுங்கள்.

5. குடிக்கும் தண்ணீரும் புழங்கும் தண்ணீரும் கலக்கவே கூடாது. என் பேச்சில் இது ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டாலும் போதும். குடிக்கவும் சமைக்கவும் 20 லிட்டர் கேன். மற்றதற்கு டேங்க். டேங்கில் வழியில் கிடைத்ததைப் பிடிப்பீர்கள். அது எந்த ஊர் போர்வெல், எந்தத் தொட்டி என்று யார் கண்டார்?

நம் மாவட்டத்தில் இதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டும் பாறை மண். கீழே போகப் போக, அந்தப் பாறையில் இருக்கும் ஃபுளோரைடு தண்ணீரில் இறங்குகிறது. பல் பழுப்பேறியவர்களையும் முட்டி மடக்க முடியாதவர்களையும் எங்கள் தலைமுறை நிறையப் பார்த்திருக்கிறது. அதற்காகத்தான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து, 2013இல் காவிரித் தண்ணீர் இந்த இரண்டு மாவட்டங்களுக்கும் குழாயில் ஏறியது. இந்தியத் தர நிர்ணயத்தில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை. கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆகாது. கொதித்தால் கிருமி சாகும், ஃபுளோரைடு அப்படியே நிற்கும். தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் அடர்த்தியாகும். இரண்டு நாள் குடித்தால் எலும்பு வளையப்போவதில்லை, பயப்பட வேண்டாம். ஆனால் வாரா வாரம் சுற்றுகிறவர்கள், பால் குடிக்கும் குழந்தையோடு போகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். வண்டியில் ஆர்.ஓ. மெஷின் வைக்கலாமா என்று கேட்கிறார்கள். அது ஒரு பங்கு நல்ல தண்ணீருக்கு அதைவிட அதிகமாகவே வெளியே தள்ளும். வீட்டில் சரி. 100 லிட்டர் சுமந்து போகிற வண்டியில் அது ஓட்டைப் பானை.

6. எடை. ஒரு லிட்டர் ஒரு கிலோ, பேரம் கிடையாது. நாலு பேர், இரண்டு நாள், ஆளுக்கு ஒரு குடம் என்றால் 120 லிட்டர். அதில் குடிக்கவும் சமைக்கவும் 48. கேன் கணக்கில் மூன்று எடுத்துக்கொள்ளுங்கள். புழங்க 72, ஊர் தள்ளி நின்றுவிட்டால் என்று கொஞ்சம் கூட்டி டேங்கில் 100. ஆக, வண்டியில் 160 கிலோ. கனமான இரண்டு ஆட்களைக் கூடுதலாக ஏற்றியது போல. இதோடு ஃபிரிட்ஜ், கட்டில் பலகை, பேட்டரி, சிலிண்டர், ஆட்கள், அவர்கள் பை எல்லாம் சேரும். ஆர்.சி. புத்தகத்தில் வண்டியின் மொத்த எடை இவ்வளவுதான் என்று போட்டிருப்பார்கள். ஓசூரைச் சுற்றிக் கம்பெனிகளுக்காக எத்தனையோ எடைமேடைகள் இருக்கின்றன. டேங்கை நிரப்பி, எல்லோரும் உட்கார்ந்து, ஒருதரம் ஏற்றிப் பாருங்கள். கிரானைட் லாரிக்காரன் பார்க்கிறான், நீங்கள் பார்க்க மாட்டீர்களா? வண்டியை மாற்றிக் கட்டுகிறவர்களுக்கு ஒன்று: மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவைப் படித்துவிட்டு வெல்டிங் ஆளைக் கூப்பிடுங்கள். ஆர்.டி.ஓ. அனுமதி இல்லாத மாற்றத்தால் இன்சூரன்ஸில் சிக்கல் வரும்.

7. டேங்கைக் கூரையில் வைக்காதீர்கள். தரையோடு, இரண்டு அச்சுக்கும் நடுவில் வையுங்கள்.

8. பாதி டேங்கோடு மலை இறங்குவது ஆபத்து. நிறைந்த டேங்கில் தண்ணீர் அசைய இடமில்லை. காலி டேங்கில் அசைய எதுவும் இல்லை. பாதி இருந்தால்தான் பிரேக் போடும்போது முன்னால் மோதும், வளைவில் பக்கத்துக்குச் சாயும். தொப்பூர் கணவாயில் எத்தனை விபத்து என்று பேப்பர் படிக்கிறவர்களுக்குத் தெரியும். அஞ்செட்டியிலிருந்து ஒகேனக்கல் போகும் காட்டுப் பாதை வளைவுகளும் லேசுப்பட்டவை அல்ல. டேங்க் செய்யக் கொடுக்கும்போதே உள்ளே குறுக்குத் தடுப்புப் பலகை வைக்கச் சொல்லுங்கள். செய்யத் தெரியாது என்பவரிடம் டேங்க் வாங்காதீர்கள். பெரிய டேங்க் ஒன்றுக்குப் பதிலாகச் சின்ன டேங்க் இரண்டு வைத்து, ஒன்றைக் காலி செய்த பிறகு மற்றதைத் திறப்பது எனக்குப் பிடித்த வழி. கேன்களையும் பெல்ட் போட்டுக் கட்டுங்கள். சடன் பிரேக்கில் 20 கிலோ கேன் பறந்து வந்தால் முன்சீட்டில் இருப்பவர் கதி என்ன?

9. எவ்வளவு சுமப்பது என்பதை முடிவு செய்வது, அடுத்து எங்கே நிரப்ப முடியும் என்பதுதான். ரயிலைப் பாருங்கள். ஊருக்கு ஊர் பிடிப்பதில்லை. குறிப்பிட்ட ஸ்டேஷன்களில் பைப் போட்டு நிரப்பிக்கொண்டு போகிறது. நீங்களும் கிளம்பும் முன்பே இரண்டு மூன்று இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் பங்கில் குடிநீரும் கழிவறையும் வைத்திருக்க வேண்டும் என்று எண்ணெய் நிறுவனங்களின் விதி இருக்கிறது. ஆனால் அது குடிக்க. டேங்க் நிரப்ப அல்ல. டீசல் போட்டுவிட்டு, மேனேஜரிடம் கேட்டுப் பிடியுங்கள். எல்லை தாண்டினால் கர்நாடகக் கிராமங்களில் காசு போட்டுக் கேனில் பிடிக்கும் சுத்தக் குடிநீர் நிலையங்கள் உண்டு. சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.

பெங்களூரில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று காலி டேங்கோடு போகாதீர்கள். 2024 மார்ச்சில் அங்கே போர்வெல்கள் வற்றி, குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் உத்தரவு போட்டது. லாரித் தண்ணீருக்கு அபார்ட்மென்ட்டே காத்துக்கிடக்கும் ஊரில் உங்கள் வண்டிக்கு யார் கொடுப்பார்கள்? அதேபோல ஆறு ஓடுகிறது என்று பார்த்ததும் வாளியை இறக்காதீர்கள். கெலவரப்பள்ளி அணையில் தென்பெண்ணை நுரை பொங்கி வருவதை நாம் வருஷக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அது பெங்களூர்க் கழிவு. பாத்திரம் கழுவக்கூட ஆகாது.

10. டேங்க் கறுப்பாகவோ கருநீலமாகவோ இருக்கட்டும். வெளிச்சம் புகுந்தால் பாசி பிடிக்கும். கேனையும் வெயில் படும் ஜன்னலோரம் வைக்காதீர்கள். தோட்டத்து ஹோஸ் பைப்பில் பிடித்தால் தண்ணீரில் ரப்பர் வாடை அடிக்கும்; உணவுத் தரத்தில் தனிப் பைப் ஒன்று வாங்கி, அதை வேறு எதற்கும் தொடாதீர்கள். வண்டி ஒரு மாசம் சும்மா நின்றிருந்தால் டேங்கில் இருப்பதைக் கொட்டிவிட்டு, 100 லிட்டருக்குச் சுமார் 15 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் கணக்கில் வாளியில் கரைத்து, தெளிந்ததை மட்டும் ஊற்றி நிரப்புங்கள். குழாய்களையும் ஒருமுறை திறந்து வாடை வரும்வரை ஓடவிட்டு மூடுங்கள். ராத்திரி முழுக்க இருக்கட்டும். காலையில் வடித்து, வாடை போகும்வரை நல்ல தண்ணீரில் அலசுங்கள். அந்தத் தண்ணீரை யாரும் குடித்துவிடாமல் குழாயில் சீட்டு ஒட்டி வையுங்கள்.

11. வண்டி ஓடும்போது பம்ப் சுவிட்சை அணைத்துவிடுங்கள். எங்காவது ஒரு கிளாம்ப் கழன்றால் பம்ப் தன் பாட்டுக்கு ஓடி, அடுத்த ஊர் போவதற்குள் டேங்க் காலியாகும். தரைப் பலகையும் ஊறிவிடும். குழாயைவிடச் சொம்பு சிக்கனம் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பல் விளக்க ஒரு டம்ளர் போதும்.

12. ஒரு கேனில் பாதியைத் தொடாமல் வையுங்கள். வண்டி நின்றுபோனால், ஒருவருக்கு மயக்கம் வந்தால், ரேடியேட்டர் சூடேறினால், அதற்கு. ரேடியேட்டரில் சாதாரணத் தண்ணீர் ஊற்றுவது மெக்கானிக் வரும்வரைதான். இஞ்சின் ஆறாமல் மூடியைத் திறக்காதீர்கள்.

13. உள்ளே போகிற தண்ணீர் வெளியே வந்தாக வேண்டும். நல்ல தண்ணீர் டேங்க் 100 லிட்டர் என்றால் அழுக்குத் தண்ணீர் டேங்கும் ஏறக்குறைய அவ்வளவு பிடிக்க வேண்டும். வண்டி கட்டிக் கொடுக்கிறவர்களில் பலர் இதில் பாதிதான் வைக்கிறார்கள். வால்வைத் திறந்துவிட்டு ஓட்டிக்கொண்டே போய்விடலாமே என்று அவர்களே சொல்லியும் கொடுக்கிறார்கள். பின்னால் வரும் பைக்காரன் முகத்தில் சோப்புத் தண்ணீர் அடிக்கும் என்பது ஒருபக்கம். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கம் அந்த ரோடு யானைக் காட்டுக்குள் போகிறது என்பது இன்னொரு பக்கம். காவிரி வடக்கு சரணாலயம் 2014இல் வந்தது, காவிரி தெற்கு 2022இல் வந்தது. சாதமும் குழம்பும் கலந்த கழுநீரை அங்கே ரோட்டோரம் ஊற்றினால் அந்த வாடைக்குப் பன்றியும் குரங்கும் வரும். அடுத்த வண்டி வரும்போது அவை ரோட்டில் நிற்கும். கக்கூஸ் டேங்கை ஏரிக்கரையில் திறந்துவிடும் ஆட்களும் இருக்கிறார்கள். அந்த ஏரியில்தான் ஊர் மாடு குடிக்கிறது. பங்கிலோ லாட்ஜிலோ கழிவறைத் தொட்டி இருக்கும் இடத்தில் கேட்டு, கேட்கிற காசைக் கொடுத்து, அங்கே காலி செய்யுங்கள். தயவுசெய்து காட்டிலும் ஏரியிலும் விடாதீர்கள்.