ஸ்லைடு உள்ளே வராதபோது

அன்புள்ள தம்பிக்கு,

எண்ணூர்க் கடலோரம் படப்பிடிப்புக்கு நிறுத்திய கேரவனில், வெளியே தள்ளிய ஸ்லைடு (பக்கவாட்டில் நீளும் அறைப்பகுதி) பொழுது சாய்ந்தும் உள்ளே வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். "மோட்டார் காலி, புதுசு போடு" என்று எல்லோரும் சொல்கிறார்களாம். நான்கு பேர் தோள் கொடுத்துத் தள்ளியும் பார்த்தீர்களாம். அந்த வரியைப் படித்ததும்தான், இதை உங்களுக்கு மட்டுமல்லாமல் எல்லாக் கேரவன் ஓட்டுநர்களுக்குமாக எழுத நினைத்தேன்.

மோட்டார்மேல் பழி போடும் முன் வண்டி நின்ற ஊரைப் பாருங்கள். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் கொசஸ்தலை ஆற்றின் முகத்துவாரம். பழைய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-ல் மூடப்பட்டது. ஆனால் அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையம் ஓடுகிறது, சாம்பலும் வருகிறது. உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அதன்மேல் சாம்பல் அப்பிக்கொள்ளும். செம்புக் கம்பி முனைகளில் பச்சை பிடிக்கும், எர்த் போல்ட் துருவேறும், ஸ்லைடை நகர்த்தும் பல்சட்டத்தில் தடவிய கிரீஸ் மணல்தாள் மாதிரி ஆகிவிடும்.

இதில் வோல்ட் எவ்வளவு வீணாகிறது தெரியுமா? ஸ்லைடை இழுக்க 12 வோல்ட் மோட்டார் 30 ஆம்பியர் எடுக்கிறது என்று வையுங்கள். எர்த்தில் 0.05 ஓம் தடை இருந்தாலே 1.5 வோல்ட் அங்கே போய்விடும். பகலெல்லாம் விளக்கும் விசிறியும் ஓடி பேட்டரியும் இறங்கியிருந்தால், நல்ல மோட்டாரும் முனகிவிட்டு நின்றுபோகும்.

ஆகவே முதலில் மல்டிமீட்டரை எடுங்கள். நிறைந்த பேட்டரி 12.6 வோல்ட் காட்டும், 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. பிறகு ஒருவர் ஸ்விட்சை அழுத்திப் பிடிக்க, மோட்டார் முனையில் அளந்து பாருங்கள். சும்மா இருக்கும்போது அளப்பது போதாது. பளு ஏறும்போதுதான் உண்மை தெரியும்.

சத்தத்தையும் கவனியுங்கள். எந்தச் சத்தமும் இல்லையென்றால் ஃப்யூஸ், ஸ்விட்ச், ரிலே மூன்றையும் பாருங்கள். ஹேண்ட்பிரேக் போட்டால்தான் ஸ்லைடு நகரும்படி அமைத்த வண்டிகளும் உண்டு. 'டிக்' என்று மட்டும் கேட்டால் ரிலே வேலை செய்கிறது. கனெக்‌ஷனையும் எர்த்தையும் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். மோட்டார் சுற்றியும் ஸ்லைடு அசையவில்லை என்றால் கியரிலோ ஷியர் பின்னிலோ கோளாறு. முனையில் முழு வோல்ட் வந்தும் மோட்டார் சுற்றவில்லை என்றால், எங்கும் சிக்கவில்லை என்று உறுதிசெய்த பிறகு மோட்டாரைச் சந்தேகப்படலாம். அப்போதும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறதா என்று கழற்றிப் பார்க்காமல் புதிதுக்குப் பணம் கட்டாதீர்கள். அசோக் லேலண்ட் ஆலையும் லாரிகளும் வளர்த்த பகுதி இது. பழுது பார்த்துத் தர எண்ணூரிலிருந்து திருவொற்றியூர் வரை ஆர்மேச்சர் கட்டும் கைகளும் லேத் பட்டறைகளும் இருக்கின்றன.

அவசரமாக உள்ளே இழுத்தே ஆகவேண்டுமா? வண்டியை நின்ற இடத்திலேயே சமன்செய்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். சேசிஸ் முறுக்கிக்கொண்டு நின்றாலே ஸ்லைடு சிக்கும். உள்ளே இருக்கும் ஆட்களை இறக்கிவிட்டு, மோட்டாரின் ஃப்யூஸைப் பிடுங்குங்கள். அதன் பிறகே மோட்டார் பிரேக்கை விடுவித்து, கைப்பிடி போட்டுச் சுற்றுங்கள். இந்த முறை வண்டிக்கு வண்டி மாறும். கட்டிக்கொடுத்த பாடி பில்டரிடம் முன்னதாகவே கேட்டு வையுங்கள். இரண்டு பக்கமும் சமமாக வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள். ஒரு பக்கம் முந்தினால் உடனே நிறுத்துங்கள். இடுக்கில் யாருடைய கையும் இருக்கக் கூடாது. மோட்டார் பிரேக்கை விடுவிக்காமல் தோள் கொடுத்தால் பல் உடையும். சட்டென்று விடுபட்டால் விரல் போகும்.

பேட்டரி ஏற இன்ஜினையோ ஜெனரேட்டரையோ ஓடவிட்டால், கேரவனுக்குள் யாரையும் தூங்க விடாதீர்கள். 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் நிறுத்தியிருந்த கேரவனுக்குள் இருவர் இறந்துகிடந்தார்கள். ஜெனரேட்டர் புகையிலிருந்த கார்பன் மோனாக்சைடே காரணம் என்று கண்டறியப்பட்டது. அதற்கு வாடையும் இல்லை, நிறமும் இல்லை.

பாதி வெளியே நிற்கும் ஸ்லைடோடு, "மெதுவாக ஓட்டிக்கொண்டு வா" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். சாலையில் வண்டியின் அகலம் 2.6 மீட்டரைத் தாண்டக் கூடாது என்பது விதி. கன்டெய்னர் லாரிகள் உரசிக்கொண்டு போகும் எண்ணூர் நெடுஞ்சாலையில், வெளியே நீட்டிய ஸ்லைடு பைக்கில் வருகிறவரின் தலையைப் பதம்பார்க்கும்.

கடலோர வேலை முடிந்த ஒவ்வொரு முறையும் பல்சட்டத்தை நல்ல தண்ணீரில் துடைத்து, உலர்ந்ததும் ஈரம் ஒட்டாத ட்ரை லூப்ரிகன்ட் அடியுங்கள். எர்த் போல்ட்டைத் தேய்த்து இறுக்குங்கள். கம்பெனி மேனேஜர் அவசரப்படுத்தினால் இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள். ஒரு நாள் வேலை நின்றால் இன்னொரு நாள் எடுத்துக்கொள்ளலாம். கூட வேலை செய்யும் பையனின் விரலுக்கு மாற்று எந்தக் கடையிலும் கிடைக்காது.

அன்புடன்,
உங்கள் அண்ணன், எண்ணூர்