வாயிற்கண் நிற்பவர் யார்?

சமயமும் நாடகமும் தமிழகத்தில் உடன்பிறந்து வளர்ந்தவை. கோயில் முற்றத்திற் கூத்தாகவும், பஜனை மடத்திற் காலட்சேபமாகவும், கத்தோலிக்க ஊர்களில் வாசகப்பாவாகவும் வழங்கிய கதைகள் பின்னர் வெண்திரையை அடைந்தன. தமிழின் முதற் பேசும்படமென எண்ணப்பெறும் 'காளிதாஸ்' (1931) காளியின் அருளால் கவியானவனது கதையாகும். அக்காலத்தில் புராணக் கதைகளும் அடியார் வரலாறுகளுமே திரையில் மிகுதியாக இடம்பெற்றன. இன்று அத்தகைய படங்கள் அருகிவிட்டன. ஆயினும் சமயம் திரையை விட்டு நீங்கிற்றில்லை, உருமாறி நிற்கின்றது. அதனைக் கண்டு ஆராயும் வழி யாது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

திரைப்படத்தில் சமயத்தை ஆராயப் புகுவோர் பெரும்பாலும் இரண்டிலொரு வழியிற் செல்வர். ஒரு சாரார், எத்தனை தெய்வங்கள் தோன்றின, எத்தனை அற்புதங்கள் நிகழ்ந்தன என்று கணக்கெடுப்பர். மற்றொரு சாரார், இப்படம் எம் சமயத்தைப் புகழ்ந்ததோ இகழ்ந்ததோ என்று மட்டும் பார்ப்பர். முன்னது பட்டியலாய் முடியும். பின்னது வழக்காய் முடியும். இரண்டிலும் கதை கைநழுவிப் போகும். ஆதலின், மாணவர்க்குப் பயன்படுமென நாம் கருதும் மூன்று வினாக்களை ஈண்டு முன்வைக்கின்றோம். வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர் யார்? அவரைத் தடுத்து நிற்பது யாது? வாயில் திறக்குமாயின் அதற்கு விலை கொடுப்பவர் யார்? இம்மூன்றனுள் இறுதி வினாவே முதன்மையானது என்பது எம் துணிபு.

முதலில் நந்தனார் வரலாற்றை எடுத்துக்கொள்வோம். தில்லைக்கு 'நாளைப் போவேன்' என்று சொல்லிச் சொல்லியே நாள்களைக் கழித்தமையின் அவர் திருநாளைப்போவார் எனப்பட்டார். சேக்கிழார் கூறுமாறு, திருப்புன்கூரில் அவர் வெளியே நின்று இறைவனைக் காண விழைந்தபோது, இடையே மறைத்த கல் நந்தி விலகிற்று. தில்லையில் அவரைத் தடுத்ததோ மனிதர் வகுத்த விதி. கல் விலகியது, விதி விலகவில்லை. இறைவன் ஆணைப்படி தில்லைவாழந்தணர் தீ வளர்க்க, அதனுட் புகுந்து மறைமுனிவர் வடிவில் எழுந்த பின்னரே அவர் கோயிலினுள் சென்றார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதனைக் கீர்த்தனைகளாக்கிய கோபாலகிருஷ்ண பாரதியார், பெரியபுராணத்தில் இல்லாத வேதியர் ஒருவரைக் கதையுட் சேர்த்தார். நந்தனார் அவருடைய பண்ணையாள். தில்லை செல்ல விடை கேட்டவரிடம், நாற்பது வேலி நிலத்து வேலையை முடித்துப் போ என்கின்றார் அவ்வேதியர். இங்ஙனம் தீண்டாமையோடு பண்ணையடிமையும் கதையிற் பேசப்படலாயிற்று.

இக்கதை பன்முறை படமாயிற்று. 1935-இல் வெளிவந்த 'பக்த நந்தனாரில்' கே. பி. சுந்தராம்பாள் நந்தனாராகவும், மகாராஜபுரம் விசுவநாத ஐயர் வேதியராகவும் நடித்தனர். 1942-இல் ஜெமினியார் வெளியிட்ட 'நந்தனாரில்' எம். எம். தண்டபாணி தேசிகரும் செருகளத்தூர் சாமாவும் அப்பாத்திரங்களை ஏற்றனர். இவ்விரு படங்களுக்கும் இடையே, 1939-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 8-ஆம் நாளில், அ. வைத்தியநாத ஐயர் ஒடுக்கப்பட்ட வகுப்பினரோடு மதுரை மீனாட்சியம்மன் கோயிலுட் புகுந்தார் என்பதை மாணவர் மறத்தலாகாது. திரையில் நந்தனாரைக் கண்டு கண்ணீர் உகுத்தவரெல்லாம் கோயில் வாயிலில் வழிவிட்டவரல்லர். சென்னை மாகாணத்தில் கோயில் நுழைவுச் சட்டம் முழுமையாக நிறைவேற 1947 வரை காத்திருக்க நேர்ந்தது. மூன்றாம் வினாவை இங்கே இட்டுப் பார்மின். வெளியே நின்றவரே தீயிற் குளித்தார்; உள்ளே இருந்தவர் ஒன்றையும் இழந்திலர். படம் நம்மை உருக்குவது உண்மை. ஆனால் யாருடைய துன்பத்தைக் கண்டு, யாருக்குச் செலவின்றி உருகுகின்றோம் என்பதையும் நாம் கேட்டல் வேண்டும்.

இனி இராமாநுசர் வரலாற்றை நோக்குவோம். அவர் 1017-இல் தோன்றியதாகக் கூறப்பெறும் ஸ்ரீபெரும்புதூர், மணிமங்கலத்திற்கு அண்மையிலுள்ள ஊராகும். மறைவாகப் பேணற்குரியது என்று திருக்கோட்டியூர் நம்பி தமக்கு உரைத்த மந்திரப் பொருளை, அவர் அவ்வூர்க் கோயிலில் உயரநின்று அனைவரும் கேட்கக் கூறினார் என்றும், அதனால் தாம் நரகம் புகினும் பிறர் உய்வரேல் அது தமக்கு உடன்பாடே என்றார் என்றும் குருபரம்பரைக் கதைகள் கூறும். இங்கே விலை கொடுக்க முன்வந்தவர் உள்ளிருந்தவர். வெளியே நின்றாரை அவர் தீயில் இறங்கச் சொல்லவில்லை. தாமே இறங்கத் துணிந்தார். நந்தனார் கதையும் இராமாநுசர் கதையும் ஒருசேரப் பக்திக் கதைகள் எனப்படினும், இவ்வொரு வேறுபாடு அவற்றை வெவ்வேறாக்கி விடுகின்றது.

இக்கதையைத் திரையில் எடுத்துரைக்க முன்வந்தவர் யாவர் என்பதும் கருதத்தக்கது. 1938-இல் ஏ. நாராயணன் இயக்கிய 'ஸ்ரீ ராமாநுஜர்' படத்திற்குக் கதை உரையாடல் வகுத்தவர் சீர்திருத்தக்காரராகிய வ. ரா.; பாட்டு எழுதியவர் பாரதிதாசனார். 2015-இல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடருக்கு உரையாடல் எழுதியவர், தொண்ணூறு வயது கடந்த மு. கருணாநிதி. கடவுள் மறுப்பாளர் இருவர் ஒரு வைணவ ஆசாரியரின் வரலாற்றைத் தமதெனக் கொண்டமைக்குக் காரணம், அந்த உயர்ந்த இடத்தினின்று எழுந்த குரலேயாதல் வேண்டும். அமெரிக்கராகிய எல்லிஸ் ஆர். டங்கன் 'மீரா' (1945) என்னும் கண்ணன் பக்திப் படத்தை இயக்கினார். பிற சமயத்துக் கதையைப் பிறர் தொடலாகாது என்னும் வேலி, தமிழ்த் திரையில் தொடக்கம் முதலே இல்லை. ஆகவே கிறிஸ்தவ மாணவராகிய நாமும் நந்தனாரையும் இராமாநுசரையும் அயலார் பொருளென ஒதுக்கவேண்டுவதில்லை.

நம் சமயக் கதைகளும் திரைக்கு வந்தவையே. சிற்றன்னையின் சூழ்ச்சியாற் கைகள் வெட்டுண்டு காட்டில் விடப்பட்ட அரசிளங்குமரி, தேவமாதாவின் அருளால் அவற்றை மீளப்பெறும் 'ஞானசௌந்தரி', 1948-ஆம் ஆண்டில் சிட்டாடல், ஜெமினி ஆகிய இரு நிறுவனங்களாலும் எடுக்கப்பட்டது. 1971-இல் 'அன்னை வேளாங்கண்ணி' வெளிவந்தது. அத்தலத்து மரபுரையில் அன்னையின் காட்சியை முதலிற் பெறுபவர், பால் கொண்டுசென்ற சிறுவனும் மோர் விற்ற நடக்கவியலாச் சிறுவனுமே. செல்வர் பின்னரே நம்புகின்றனர். அற்புதத்தை மட்டும் எண்ணுவோர்க்கு இவ்வரிசை புலனாகாது. மணிரத்தினம் இயக்கிய 'கடல்' (2013) படத்திலோ அற்புதக் காட்சிகள் முதன்மை பெறவில்லை. ஒரு கடற்கரைச் சிற்றூரில் எவராலும் ஏற்கப்படாத தாமஸ் என்னும் சிறுவனைச் சாம் என்னும் குருவானவர் ஏற்கின்றார். செய்யாத குற்றத்திற்குப் பழி சுமந்து சிறை செல்கின்றார். உள்ளிருப்பவர் விலை கொடுத்தல் என்னும் பொருள் இங்கே மீண்டும் வருகின்றது. நகர வாயிலுக்குப் புறம்பே பாடுபட்ட ஆண்டவரை வழிபடும் நமக்கு இஃது அயலான பொருளன்று.

சமயப் படம் என்று எவரும் பெயரிடாத படங்களிலும் இவ்வினாக்கள் பயன்படும். சுந்தர் சி. இயக்கிய 'அன்பே சிவம்' (2003) திருமூலரை நினைவூட்டும் பெயருடையது. அதில் வரும் ஆலை முதலாளி இடையறாது சிவநாமம் சொல்லுபவர். தொழிலாளர் கேட்கும் கூலி உயர்வைத் தர மறுப்பவர். அவரை எதிர்க்கும் நல்லசிவமோ பொதுவுடைமையாளர். விபத்தில் உடல் சிதைந்த அவரைப் பேணி எழுப்புபவர் கன்னியாஸ்திரீகள். பக்திச்சொல் ஒருவர் வாயிலும், பக்தியின் பயன் வேறு பலர் கையிலும் இருப்பதைப் படம் காட்டுகின்றது. 

இதனை மணிமங்கலத்தில் இருந்து காண்போர்க்கு இக்கதை வெறுங்கதையாகத் தோன்றாது. கூரம் செப்பேட்டிற் பல்லவர் போர்க்களமாகக் குறிக்கப்பெற்று, இராஜகோபாலப் பெருமாள் கோயிற் சுவர்களிற் சோழர் கல்வெட்டுகளைத் தாங்கிய பழைய ஊர் இது. இன்று அதனைச் சூழ்ந்த ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் கார்களும் கைப்பேசிகளும் செய்யும் ஆலைகள் மல்கியுள்ளன. ஒடியாவும் இந்தியும் வங்காளமும் பேசுவோர் வாடகை அறைகளில் தங்கி, ஷிப்டு முறையில் உழைக்கின்றனர். நந்தனார் வேதியரிடம் கேட்ட விடையை, இங்கே ஒருவர் சத் பூசைக்கும், ஒருவர் ரம்ஜானுக்கும், ஒருவர் கிறிஸ்து பிறப்பிற்கும் கேட்கின்றார். நாற்பது வேலி இன்று கணக்கிட்ட உற்பத்தி எண்ணாக மாறியிருக்கின்றது. தன் வழிபாட்டிற்கு ஒரு நாள் வேண்டி நிற்பவர்க்கு அந்நாளைத் தருபவர் யார், அதற்காகத் தம் ஓய்வை விட்டுக்கொடுத்து வேலையை ஏற்பவர் யார் என்று கேட்கும்போது, திரையிற் கற்ற பாடம் தெருவிற்கு வருகின்றது.

ஒன்று எஞ்சியுள்ளது. நந்தனார் படத்தைப் பார்த்துவிட்டு வேதியரை மட்டும் குறைகூறுதல் கிறிஸ்தவர்க்கு எளிது. ஆயின், இறந்தவரையும் சாதி பார்த்துப் பிரித்துப் புதைக்கும் கல்லறைத் தோட்டங்கள் தமிழ்நாட்டுக் கிறிஸ்தவருள்ளும் உள. அச்சுவரின் முன் நந்தனார் வந்து நின்றால் அவருக்கு விடை கூறுவார் யார்? பிறர் சமயத்துப் படத்தை ஆராய்பவர் இவ்வினாவைத் தம் வீட்டு வாயிலிலும் கேட்கக் கடமைப்பட்டவர். அக்கடமையை ஏலாத ஆராய்ச்சி வெறும் குற்றம் காண்டலாகவே முடியும்.

ஆகவே, எப்படத்தைக் காணினும், தெய்வம் தோன்றும் காட்சியோடு நின்றுவிடாமல் வாயிலில் நிற்பவரைத் தேடுவோமாக. வாயில் திறக்கும் காட்சியில் விலை கொடுத்தவர் பெயரைக் குறித்துக்கொள்வோமாக. அப்பெயர் வெளியே நின்றவருடையதாயின், உள்ளிருந்தவர் செய்யத் தவறியது யாது என்பதையும் அதனருகே எழுதுவோமாக.