தலைமை மருத்துவர் கடமை

திருவள்ளுவர் ‘மருந்து’ என்னும் 95-ஆம் அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்துள்ளார். நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பணிசெய்வோர் என்பன அவை. ஆகவே மருத்துவர் நான்கனுள் ஒரு கூறே யாவர். அவர் மருத்துவமனைக்குத் தலைமை ஏற்கும்போது, நான்கும் ஒருங்கியையுமாறு காக்கும் பொறுப்பு அவருடையதாகின்றது. அப்பொறுப்பின் இயல்பை ஈண்டு நாம் ஆராய்வோம்.

வாழப்பாடியிலிருந்து பேறுகால இடர்ப்பாடுற்ற பெண்ணொருத்தியைச் சேலத்து மருத்துவமனைக்குக் கொணர்கின்றனர் எனக் கொள்வோம். ஆங்கே குருதி ஆயத்தமாக இல்லையேல், மயக்க மருந்து அளிப்பவர் உரிய காலத்தில் வாராரேல், செவிலி கூறும் எச்சரிக்கையை இளைய மருத்துவர் கேளாரேல், கைதேர்ந்த அறுவை மருத்துவர் இருந்தும் பயன் என்னை? இவற்றை யெல்லாம் அவள் வருமுன்னரே ஒழுங்குபடுத்தி வைத்தல் தலைமை மருத்துவர் கடமையாகும்.

இதற்கு வேலூர் வரலாறு நல்லதோர் சான்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், திண்டிவனத்தில் ஓரிரவில் மூன்று பெண்கள் மகப்பேற்றில் மாண்டனர். ஆண் மருத்துவர் தீண்டுதலை அவர்தம் வீட்டார் ஒப்பாமையே காரணம். அது கண்டு உள்ளம் நொந்த ஐடா ஸ்கடர் அம்மையார், அமெரிக்காவில் மருத்துவம் பயின்று 1900-இல் மீண்டார். 1902-இல் வேலூரில் 40 படுக்கைகளுள்ள மருத்துவமனையைத் திறந்தார். 1918-இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளியும் நிறுவினார். 1947-இல் ஆடவரும் அங்குக் கற்க இடம்பெற்றனர்.

அடுத்த ஆண்டாகிய 1948-இல் அந்நிலையத்தின் இயக்குநர் பொறுப்பை ஹில்டா லாசரஸ் அம்மையார் ஏற்றார். விசாகப்பட்டினத்திற் பிறந்த இவர், சென்னையில் மருத்துவம் கற்று, மகப்பேற்று மருத்துவத்தில் சிறந்து, அரசாங்கப் பெண்கள் மருத்துவப் பணியில் பல்லாண்டு உழைத்தவர். வேலூரில் அப்பதவி வகித்த முதல் இந்தியர் இவரே. 1954 வரை அதனைத் தாங்கினார். ஒருவர் தொடங்கிய தொண்டு அவரோடு முடிவுறாமல், மற்றொருவர் கையில் தளராது நடத்தல் வேண்டும். பின்னவரைப் பயிற்றி ஆளாக்குதலும் தலைமைப் பணியே யென்பது இதனால் விளங்கும்.

தலைமை ஏற்றபின் ஏடுகளும் கூட்டங்களும் பொழுதைக் கவரும். ஆயினும் நோயாளியின் படுக்கையை அணுகாத தலைவர், குறை எங்குள தென்பதை அறியார். பணியாளரில் இளையவரும் அஞ்சாது பிழையைச் சுட்டிக்காட்டக் கூடுமாயின், அம்மனையில் உயிர்கள் காக்கப்படும். சீடர்தம் பாதங்களைக் கழுவிய இயேசு பெருமான் காட்டிய தலைமையும் இத்தகையதே. மருத்துவம் பயிலப் புகும் நம் தோழர், திறமையோடு இப்பணிவையும் பெறுவாராக.