இணையவழிக் கடையின் பாதுகாப்பும் வேகமும்: சிறு வணிகர்களுக்கான பாடம்

இணையத்தின் வாயிலாகச் சேலை, நகை, மளிகைப் பொருள் முதலியவற்றை விற்கும் வணிகர்களிடம் வாடிக்கையாளர்கள் தமது பெயர், முகவரி, வங்கி அட்டை விவரம் ஆகியவற்றை நம்பி ஒப்படைக்கின்றனர். பாதுகாப்பைக் கூட்டினால் இணையத்தளத்தின் வேகம் குறையும் எனச் சிலர் அஞ்சுகின்றனர். அவ்வச்சம் எவ்வளவு பொருத்தமானது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

ஒரு நிகழ்வு

2018ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் எயர்வேஸ் நிறுவனத்தின் கணினி அமைப்பினுள் ஊடுருவியோர், வாடிக்கையாளர்கள் இணையத்தளத்தில் பதிந்த அட்டை விவரங்களை வேறோர் இடத்துக்குத் திருப்பி அனுப்பினர். 4 இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் தகவல்கள் பாதிக்கப்பட்டன. நிறுவனமோ இரண்டு மாதங்களுக்கு மேலாக இதனை அறியவில்லை. 2020 அக்டோபரில் தகவல் ஆணையாளர் அலுவலகம் 20 மில்லியன் பவுண் அபராதம் விதித்தது.

ஊடுருவியோர் நுழைந்தது, வெளி நிறுவனப் பணியாளர் ஒருவரின் கணக்கின் வழியாகும். அக்கணக்குக்கு இரட்டைச் சரிபார்ப்பு இருக்கவில்லை. இணையத்தளம் வழமைபோல இயங்கியது. பற்றுச்சீட்டு விற்பனையும் நடந்தது. ஆகவே, தளம் தடையின்றி ஓடுவது மட்டும் அது பாதுகாப்பானது என்பதற்குச் சான்றாகாது.

ஐந்து கட்டுப்பாடுகள்

பிரித்தானிய அரசு 2014இல் அறிமுகப்படுத்திய ‘சைபர் எசென்ஷல்ஸ்’ திட்டம் ஐந்து கட்டுப்பாடுகளை வலியுறுத்துகிறது.

1. வெளித் தொடர்புகளை வடிகட்டும் தீச்சுவர்.
2. பாதுகாப்பான அமைப்பு: சாதனத்துடன் வரும் கடவுச்சொல்லை மாற்றுதல், தேவையற்ற கணக்குகளை நீக்குதல்.
3. அணுகல் கட்டுப்பாடு: ஒவ்வொருவருக்கும் அவரவர் பணிக்குத் தேவையான அனுமதி மட்டும் வழங்குதல்.
4. தீம்பொருள் தடுப்பு.
5. மென்பொருளை உரிய காலத்தில் புதுப்பித்தல்.

அட்டை விவரங்கள்

கொடுப்பனவு உறுதியான பின்னர் அட்டையின் மூன்று இலக்கப் பாதுகாப்பு எண்ணைச் சேமித்து வைத்தலை அட்டைத் துறையின் பாதுகாப்புத் தரநிலை தடைசெய்கிறது. தொலைபேசியில் பெறும் கட்டளைகளுக்காகவும் அதனைக் கொப்பியில் குறித்து வைத்தல் ஆகாது. அங்கீகாரம் பெற்ற கொடுப்பனவு நிறுவனத்தின் பக்கத்திலேயே வாடிக்கையாளர் பணம் செலுத்துமாறு அமைத்தால், அட்டை எண் உங்கள் கணினிக்கு வராது. உங்களிடம் இல்லாததை எவரும் உங்களிடமிருந்து திருட முடியாது.

வேகம் எங்கே குறைகிறது?

தகவலை மறைகுறியாக்கி அனுப்புவதற்கு இன்றைய கணினிகளில் மிகச் சிறிதளவு நேரமே செல்லும். பெரிய நிழற்படங்களும், விளம்பரத்துக்காகவும் கணக்கெடுப்புக்காகவும் பிறரிடமிருந்து பெற்றுச் சேர்த்த நிரல்களுமே பெரும்பாலும் பக்கத்தைத் தாமதப்படுத்துகின்றன. பக்கத்தின் முதன்மை உள்ளடக்கம் 2.5 விநாடிக்குள் தோன்றுவதே நல்ல வேகம் என்பது கூகுளின் அளவீடு.

இங்கே ஓர் உண்மையைக் கவனிக்க வேண்டும். பிறர் நிரல் ஒவ்வொன்றும் பக்கத்தின் சுமையைக் கூட்டுகிறது. அதே வேளை, திருடர் நுழைவதற்கு இன்னொரு கதவாகவும் அமையலாம். தேவையற்றவற்றை நீக்கும்போது வேகமும் பாதுகாப்பும் ஒருங்கே பெருகுகின்றன. மாறாக, பணம் செலுத்தும்போது வங்கி கேட்கும் மேலதிகச் சரிபார்ப்புச் சில விநாடிகளை எடுத்துக்கொள்ளும். அது வீண் தாமதமன்று. திருடிய அட்டையைப் பயன்படுத்துவோரைத் தடுக்கும் காவல்.

தவறு நேர்ந்தால்

வாடிக்கையாளரின் தகவல் கசிந்து, அதனால் அவருக்குத் தீங்கு நேரக்கூடுமாயின், அதனை அறிந்த 72 மணித்தியாலங்களுக்குள் தகவல் ஆணையாளர் அலுவலகத்துக்கு அறிவித்தல் வேண்டும். பேராபத்து நேரக்கூடுமெனில் வாடிக்கையாளருக்கும் தாமதமின்றி அறிவித்தல் கடமையாகும். மறைத்தல் இழப்பைக் கூட்டுமேயன்றிக் குறைக்காது.

பயிற்சி

இவ்வாரம் பின்வரும் வினாக்களுக்கு விடை எழுதிப் பாருங்கள்.

• உங்கள் கடையின் நிர்வாகக் கணக்கினுள் நுழையக்கூடியோர் எத்தனை பேர்? வேலையை விட்டு நீங்கியவர் எவரேனும் அவர்களுள் உளரா?
• அக்கணக்குகள் அனைத்துக்கும் இரட்டைச் சரிபார்ப்பு உண்டா?
• பணம் செலுத்தும் பக்கத்தில் எவரெவருடைய நிரல்கள் இயங்குகின்றன?

மூன்றாம் வினாவுக்கு விடை தெரியாவிடின், தளத்தை அமைத்துத் தந்தவரிடம் எழுத்து மூலம் கேட்டறிந்து கொள்ளுங்கள்.