வாசித்துக் காட்ட முடியாத ஆசிரியர்

அமெரிக்கப் பியானோ கலைஞர் லியோன் ஃபிளைஷர் 1928இல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தவர். ஒன்பது வயதில் ஆர்தர் ஷ்னாபெலின் மாணவரானார். 1952இல் பிரஸ்ஸல்ஸ் நகரின் எலிசபெத் அரசி இசைப் போட்டியில் முதல் பரிசு பெற்றார். புகழின் உச்சியில், 1960களின் நடுவில், வலக்கையின் மோதிர விரலும் சுண்டுவிரலும் தாமாகவே உள்ளே மடங்கத் தொடங்கின. அது நரம்பியல் கோளாறு என்பது பல ஆண்டுகள் கழித்தே தெரிந்தது.

அவர் இசையை விடவில்லை. முதல் உலகப் போரில் வலக்கை இழந்த பால் விட்கென்ஸ்டைனுக்காக ராவெல் இயற்றிய இடக்கைப் படைப்பை மேடைகளில் வாசித்தார்; இசைக்குழுக்களை நடத்தினார்; பால்டிமோரின் பீபாடி இசைக் கல்லூரியில் தொடர்ந்து கற்பித்தார். முன்பு மாணவர் தடுமாறினால் வாசித்துக் காட்டிவிடலாம். இப்போது ஒவ்வொன்றையும் சொற்களால் விளக்க வேண்டியிருந்தது. அதுவே தம்மை மேலும் நல்ல ஆசிரியராக்கியது என்பது அவர் கருத்து. சிகிச்சைக்குப் பின் 1990களில் இரு கைகளாலும் மீண்டும் வாசித்தார். 2020இல் மறைந்தார்.

கணக்கு முழுவதையும் நாமே கரும்பலகையில் போட்டுக் காட்டினால், மாணவர் விடையைப் பார்த்து எழுதுவார். காரணம் அவருக்குப் பிடிபடாமல் போகலாம். ஒரு பாடவேளை மட்டும் சாக்பீஸை மாணவரிடம் கொடுத்து, சொற்களாலேயே வழிநடத்திப் பாருங்கள். சொல் கிடைக்காமல் நாம் நிற்கும் இடமே, அடுத்த வகுப்புக்கு நாம் ஆயத்தமாக வேண்டிய இடம்.