மாரியைப் பார்த்து இனம் தேடு

அன்புள்ள மருமகனுக்கு,

செம்மறி வளர்க்க நினைப்பதாகவும், வறட்சிக்குப் பேர்போன டோர்ப்பர் இனத்தில் தொடங்கலாமா என்றும் கேட்டிருந்தாய். படுவான்கரையில் மாட்டுப்பட்டியோடு வளர்ந்த பிள்ளை நீ. எனக்கு மெத்தச் சந்தோசம். ஆனால் கச்சான் வீசும் கோடையை மட்டும் நினைத்து இனம் தேடுகிறாய். நிழலும் தண்ணீரும் இருந்தால் செம்மறி நம்முடைய வெயிலைத் தாங்கிவிடும். கார்த்திகை, மார்கழி மாரியில்தான் பட்டி குறையும்.

டோர்ப்பர், தென்னாபிரிக்காவில் 1930களில் மழை குறைந்த நிலத்துக்கென்றே உருவாக்கிய இனம். நல்ல இறைச்சி ஆடுதான். கென்யாவின் ஈரமான கரையோரத்தில் அதையும் மசாய் மக்களின் சிவப்புச் செம்மறியையும் சேர்த்து வளர்த்து ஆராய்ந்தார்கள். குடற்புழுவால் கூடுதலாகச் செத்தவை டோர்ப்பர் குட்டிகள். மாரியில் நம் வாவிக்கரையும் அப்படி ஈரம் ஊறிக் கிடக்கும் நிலம்தானே. ஆகவே யாழ்ப்பாணச் செம்மறியில் தொடங்கு. உருவம் சிறிது; ஆனால் இதே வாடைமழையில் தலைமுறை தலைமுறையாகப் பிழைத்து வந்தது.

இரத்தம் குடிக்கும் அந்தப் புழு நாளுக்கு ஆயிரக்கணக்கில் முட்டையிடும். ஈரமும் சூடும் சேர்ந்தால் ஒரு கிழமையளவில் குஞ்சுப்புழு புல்லில் ஏறி நிற்கும். செம்மறியோ நிலத்தோடு ஒட்ட மேய்வது. பனி காயமுன் அவிழ்த்துவிடாதே. கீழ் இமையை விலக்கிப் பார்: சிவந்திருந்தால் பயமில்லை, வெளிறியதற்கு மட்டும் மருந்து கொடு. முழுப் பட்டிக்கும் அடிக்கடி பருக்கினால் மருந்துக்கு அசையாத புழுதான் மிஞ்சும். தாடைக்குக் கீழே நீர் கோத்தால் அன்றைக்கே மிருக வைத்தியரிடம் போ. மழைநாளில் கிளிசறியாக் குழையை வாடவிட்டு உயரத்தில் கட்டு. புழு அந்த உயரத்துக்கு ஏறாது.

மாட்டுக்கு வாங்கிய கனியுப்பைச் செம்மறிக்கு வைக்காதே. அதிலுள்ள செம்பு ஈரலில் சேர்ந்து ஒருநாள் திடீரென்று கொன்றுவிடும்.

சினைக்காலம் ஐந்து மாதம். ஆவணிக் கடைசியில் கிடாயைச் சேர்த்தால், தைக் கடைசியில் வேளாண்மை வெட்டின வயல் திறக்கும்போது குட்டி விழும். தாய்க்கும் பால் சுரக்கும். மற்ற மாதங்களில் கிடாயைப் பிரித்து வை. பிரிக்க முடியாவிட்டாலும் வழி உண்டு: மறியில் ஏறாதபடி மசாய் இடையர் அதன் வயிற்றுக்குக் கீழே தோல் கட்டிவிடுவார்கள். உனக்குச் சாக்குத்துண்டு போதும்.

இப்போது அவசரப்பட்டு வாங்காதே. மாசியில் போவோம், நானும் வருகிறேன். அப்போது இந்த மாரியைத் தாண்டிய மறிகளாகவே பார்த்து எடுக்கலாம். அதற்குள் மேட்டில், நிலத்தைவிட்டு உயர்த்திப் பலகைத்தளம் போட்டுக் கொட்டிலை முடித்து வை.

அன்புடன்,
மாமா